வலிக்கு ஒரு திட்டம்

அத்தியாயம் 17

முப்பத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவர் அவர். கொட்டும் மழையிலும், ஊர்வலத்துக்கு நடுவிலும் கை நடுங்காமல் ஓட்டியிருக்கிறார். ஆனால் அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் டாக்ஸியில், பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பதினாலு மாதமாக மகளோடு அவர் நேராகப் பேசியதில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. வாயைத் திறந்தால் பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற பயம்தான். "அவ சாப்பிட்டாளா?" என்று மனைவியைக் கேட்பார். மகள் அதே மேஜையில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். "சாப்பிட்டேன்னு சொல்லும்மா" என்பாள். நடுவில் இருக்கும் அம்மா, இரண்டு பக்கத்துக் கடிதத்தையும் சுமக்கிற தபால்காரி மாதிரி ஆகிவிட்டிருந்தாள்.

இன்றைக்கு அந்தத் தபால்காரிக்கு நூற்றியிரண்டு டிகிரி காய்ச்சல். காய்ச்சலோடு யாரையும் வார்டுக்குள் விடமாட்டார்கள். "நீங்கதான் போகணும்" என்று போர்வைக்குள்ளிருந்தே சொல்லிவிட்டாள். அறுவை சிகிச்சைத் தேதிக்கு நாலு மாதம் காத்திருந்தாயிற்று. தள்ளிப்போட முடியாது. மகளின் இடது காலில் வைத்த தகட்டில் ஒரு திருகு கழன்று தோலை உள்ளிருந்து குத்திக்கொண்டிருந்தது. தகட்டை எடுத்தாக வேண்டும்.

வீட்டில் அவள் பெரியவள். துறைமுகத்தில் அவளை மாடிக்காரி என்பார்கள். நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியின் மேல் சத்தமில்லாமல் இறக்குகிற கிரேன் ஆபரேட்டர். அந்தத் துறைமுகத்தில் அந்த வேலைக்கு ஏறிய முதல் பெண். ஒரு காலத்தில் டிரைவர் அதைச் சொல்லாத இடம் கிடையாது. முடிவெட்டுகிறவர் கத்தரியை எடுப்பதற்குள் பேச்சு கிரேனில் வந்து நிற்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஈரமான ஏணியில் அவள் கால் வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிற்று. தகடு வைத்தார்கள், திருகு போட்டார்கள், வலிக்கு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. நேரம் தவறக் கூடாது என்றார்கள். டிரைவர் நேரம் தவறாத மனிதர். செல்போனில் நாலு அலாரம் வைத்து, விடியற்காலையில்கூட எழுந்து, மாத்திரையும் தண்ணீருமாகப் போய் மகளை எழுப்புவார்.

எட்டு மாதம் அப்படி ஓடியது. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் மாத்திரை இல்லாமல் அவளால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அப்போது புதிதாக வந்த டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு இனிமேல் கிடையாது என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டார். மறுநாளே மூக்கு ஒழுகியது, வியர்த்தது, கால்கள் தானாக உதறின. வீட்டில் எல்லோரும் சளிக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். தெரிந்த ஒருவன் எங்கிருந்தோ மாத்திரை கொண்டுவந்து கொடுத்தான். ஒருநாள் அவனிடமும் மாத்திரை இல்லை. வேறொன்று இருக்கிறது, இதே வேலையைத்தான் செய்யும் என்றான். அது ஹெராயின்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வாசகர்களுக்குத் தெரியும். குளியலறைக் கதவை உடைத்ததும், நீலம் பாய்ந்த உதடும், ஆம்புலன்ஸ்காரர்கள் மூக்கில் மருந்தை அடித்து மூச்சை மீட்டதும். டிரைவர் அதைப் பற்றி இன்றுவரை யாரிடமும் பேசவில்லை. பெரியவள் எங்கே என்று டெப்போவில் கேட்டால், வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று சொல்லிவைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். இவர்கள் முறை வந்ததும் கவுன்டருக்குப் பின்னால் இருந்த நர்ஸ் படிவத்தை எடுத்து, நிமிராமலே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போனாள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று பதில் போய்க்கொண்டிருந்தது. டிரைவருக்கு அடுத்த கேள்வி என்னவென்று தெரியும். தரையில் பதித்திருந்த கல்லை எண்ண ஆரம்பித்தார்.

"ஏதாவது பழக்கம் உண்டா?"

"ஹெராயின் பழக்கம் இருந்தது" என்றாள் பெரியவள். "நிறுத்திப் பதினாலு மாசம் ஆச்சு. அது திரும்ப வராம இருக்கத் தினமும் காலையில நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எடுத்துக்கறேன். இன்னைக்கும் எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

நர்ஸின் பேனா நின்றது. பின்னால் நின்ற ஆள் தன் பையை மெதுவாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். டிரைவருக்குக் காது சுட்டது. பூமி பிளந்து தன்னை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

மருந்தின் பெயர் நீளமானது. நர்ஸுக்குப் பிடிபடவில்லை. பெரியவள் கவுன்டர் மேல் சாய்ந்து, எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அளவைச் சொன்னாள். பழக்கத்தை விடச் சிகிச்சை தரும் க்ளினிக்கின் கடிதத்தை எடுத்து வைத்தாள். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று டிரைவர் நினைத்தார். ஒருமுறை அவளுடைய வேலையைப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தபோது, கீழே நின்றவர்களின் வாக்கிடாக்கியில் அது வந்தது. இத்தனை டன், இத்தனை மீட்டர், ஆட்களை விலகி நிற்கச் சொல்லுங்கள். அதே குரல்.

அவர் தலையைத் தூக்கினார். திரும்பி, பையை மாற்றிக்கொண்ட ஆளைப் பார்த்தார். அந்த ஆள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அறுவைக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த பெண்மணி. கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்து கடிதத்தை வரிவரியாகப் படித்தார். டிரைவர் அதற்குமேல் பொறுக்கவில்லை. காலையிலிருந்து மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டார். தயவுசெய்து வலிக்கு எதுவும் கொடுக்காதீர்கள், அவள் தாங்கிக்கொள்வாள், ஒரு சொட்டு கூட வேண்டாம்.

டாக்டர் பதில் சொல்வதற்குள் மகள் சொன்னாள்.

"அப்பா, வலியைத் தாங்கிக்கிட்டுக் கிடந்தா நான் நல்லவளா ஆயிட மாட்டேன். தாங்க முடியாம போச்சுன்னா, ஹெராயின் எங்க கிடைக்கும்னு எனக்குத் தெரியும். அந்த இடத்துக்கு வழி எனக்கு மறக்கல. அதான் வலிக்கே ஒரு திட்டம் போட்டு வெச்சிருக்கோம்."

பதினாலு மாதத்தில் அவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள் அவை.

திட்டத்தை டாக்டர் விளக்கினார். காலுக்குப் போகும் நரம்பை ஊசி போட்டு மரத்துப்போக வைப்பார்கள். அவள் தினமும் எடுக்கிற மாத்திரையை நிறுத்த மாட்டார்கள், அதை நிறுத்துவதுதான் ஆபத்து. மரப்பு விட்ட பிறகு சாதாரண வலி மருந்துகள். அதற்கும் அடங்காவிட்டால் பலமான மருந்து, ஆனால் இங்கேயே, கண் முன்னால், எழுதிவைத்த அளவில். முன்பு கொடுத்த அந்த வெள்ளை வலி மாத்திரையைச் சாப்பிடுகிற எல்லோரும் ஹெராயினுக்குப் போய்விடுவதில்லை, பெரும்பாலானவர்கள் வலி தீர்ந்ததும் வைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். ஆனால் போனவர்களைக் கேட்டால், பல பேர் இந்த வாசல் வழியாகத்தான் போயிருப்பார்கள் என்றார்.

"வீட்டுக்குக் கொடுத்தனுப்பற மருந்து யார் கையில இருக்கணும்னு ஒரு பேர் எழுதணும்" என்று பேனாவைத் திறந்தார்.

"எங்க அப்பா" என்றாள் பெரியவள்.

டாக்டர் எழுந்து போகும்வரை டிரைவர் காத்திருந்தார்.

"நான் வேணாம்மா. அம்மா பேரை எழுதச் சொல்லு. அலாரம் வெச்சு, தூங்கறவள எழுப்பி எழுப்பி உனக்கு அத ஊட்டினது நான்தானே."

"எனக்கு வலிச்சுது, நீங்க கொடுத்தீங்க. அதுல தப்பு இல்லப்பா. எப்ப நிறுத்தணும், எப்படிக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்னு நம்ம வீட்டுல யாருக்கும் யாரும் சொல்லித் தரல. இப்ப எனக்குத் தெரியும். நான் சொல்றேன், நீங்க நேரத்துக்கு எடுத்துக் கொடுங்க. நேரம் தவறாத ஆள் வேற யாரு இருக்கா நம்ம வீட்டுல? அம்மா போடற டீயே அடுத்த நாள்தான் வரும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. அதை மறைக்கக் கட்டிலின் சக்கரத்தில் பூட்டு சரியாகப் போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வண்டிக்காரனுக்கு அது ஒரு நல்ல சாக்கு.

பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றரைக்கு வெளியே வந்தாள். தகடு நல்லபடியாக வந்துவிட்டது என்றார்கள். டிரைவர் மனைவிக்குப் போன் செய்து சொன்னார். அந்தப் பக்கம் இருமலுக்கு நடுவே, "நீங்க அவகிட்ட பேசினீங்களா?" என்ற கேள்விதான் முதலில் வந்தது. "பேசினேன்" என்றார். இருமல் நின்றது. அப்புறம், சூப் ஏதாவது வாங்கிக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

நாலு மணிக்கு நரம்பின் மரப்பு விட்டது.

கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பெரியவளின் விரல்கள் வெளுத்ததை டிரைவர் பார்த்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பத்துக்கு எத்தனை வலி என்று வார்டு நர்ஸ் கேட்டாள். ஒன்பது என்றாள். சாதாரண மருந்து ஏறி அரை மணி ஆகியும் ஒன்பதுதான். நர்ஸ் இளம் பெண். அட்டையில் எழுதியிருந்ததைப் படித்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். இப்படிப் பழக்கம் இருந்தவர்களுக்கு இதற்குமேல் கொடுக்க யோசனையாக இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்று தயங்கினாள்.

காலையில் ஒரு சொட்டு கூட வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர் எழுந்து நின்றார்.

"அந்தத் தாளோட ரெண்டாம் பக்கத்தைப் படிங்கம்மா. ஒன்பதுன்னா என்ன கொடுக்கணும்னு டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. என் பொண்ணு எதையும் மறைக்காம எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் இங்க படுத்திருக்கா. உண்மையைச் சொன்னதுக்கு வலியைக் கூலியாக் கொடுக்காதீங்க."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றார். நர்ஸ் இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு, மயக்க மருந்து டாக்டரைப் போனில் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டு மருந்தை எடுத்துவந்தாள். விரலில் ஒரு கருவியை மாட்டி, பக்கத்திலேயே நின்று மூச்சை எண்ணினாள்.

அரை மணி கழித்து மறுபடி கேட்டாள். பத்துக்கு எத்தனை?

"நாலு."

இன்னும் கொஞ்சம் கொடுக்க இடம் இருக்கிறது, வேண்டுமா என்றாள் நர்ஸ்.

பெரியவள் கூரையைப் பார்த்தாள். அந்த 'இன்னும் கொஞ்சம்' அவளுக்கு எப்படிப்பட்ட வார்த்தை என்பது அந்த வார்டிலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"வேணாம்" என்றாள். "நாலு போதும். நாலோட நான் இருந்துக்குவேன்."

அவள் முதன்முதலில் கிரேனில் ஏறிய அன்று டிரைவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மைதான். ஆனால் அன்று கீழே நின்று பார்க்க நூறு பேர் இருந்தார்கள். இன்றைக்குப் பார்க்க அவர் ஒருத்தர்தான் இருந்தார். மகளின் தலையணையைச் சரிசெய்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பும் சாக்கில் வராந்தாவுக்கு வந்தார். இல்லாவிட்டால் அங்கேயே உடைந்திருப்பார்.

வராந்தாவில் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். டெப்போவில் ஆளை ரூட் நம்பரால்தான் கூப்பிடுவார்கள். இவள் ஒன்பதாம் ரூட்டுக்காரனின் மனைவி, இந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அண்ணே, நீங்க எங்க இங்க? அண்ணிக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பதினாலு மாதம் பழகிய பொய். தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் முடிந்தது.

"என் பொண்ணு உள்ள இருக்கா" என்றார். "வெளிநாட்டுக்கெல்லாம் அவ போகலம்மா. கால் வலிக்குக் கொடுத்த மாத்திரை விட முடியாம போய், அது கிடைக்காதப்ப ஹெராயினுக்குப் போயிட்டா. மீண்டு வந்துட்டா. பதினாலு மாசம். இன்னைக்கு ஆபரேஷன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தலையில் இடி ஒன்றும் விழவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. வண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு, சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். எந்த மாத்திரை என்று கேட்டாள். சொன்னார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஒன்பதாம் ரூட்டுக்காரனுக்கு முதுகு வட்டு விலகிப் பத்து மாதமாகிறது. அதே மாத்திரை. ஒரு டாக்டரிடம் வாங்கியது போதாமல் இரண்டு டாக்டரிடம் வாங்குகிறான். போன வாரம் மத்தியானம் ஸ்டியரிங்கில் கண் சொருகிவிட்டது என்று அவனே சொல்லியிருக்கிறான். பயந்துபோய் நேற்றுக் காலையில் வீட்டில் இருந்த மாத்திரை முழுவதையும் எடுத்து இவள் ஒளித்துவைத்துவிட்டாள். இன்று அவனுக்கு விடுமுறை. விடிந்ததிலிருந்து வியர்க்கிறது, நடுங்குகிறது, மூக்கு ஒழுகுகிறது, காய்ச்சல் என்கிறான். நாளைக் காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும்.

"தெரிஞ்சவன் ஒருத்தன்கிட்ட வேற ஏதோ இருக்காம் அண்ணே. இதே வேலையைச் செய்யுமாம். சாயங்காலம் போய்ப் பார்த்துட்டு வரேன்னு சொல்லிக்கிட்டிருக்காரு."

டிரைவருக்கு அன்று மகளிடம் ஒருவன் சொன்னது நினைவுக்கு வந்தது. அதே சொற்கள். ஒரு எழுத்து மாறாமல் அதே சொற்கள்.

"எந்திரிம்மா" என்றார். "வா என்கூட."

பெரியவள் கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை. அப்பா ஒரு பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவதைக் கண் திறந்து பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

"இவ என் பொண்ணு" என்றார் டிரைவர். "டாக்டர் மருந்து கொடுப்பாங்க. ஆனா இந்த வழியில போய்த் திரும்பி வந்தவ இவ. இவகிட்ட சொல்லு."

அந்தப் பெண் சொன்னாள். பெரியவள் நடுவில் இரண்டே கேள்விதான் கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு. பிறகு முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள். கால் வலித்திருக்க வேண்டும், முகம் ஒரு கணம் சுருங்கியது.

"சித்தி, நீங்க பயந்துதான் ஒளிச்சீங்க, அது புரியுது. ஆனா திடீர்னு நின்னுபோனா உடம்பு வேற வழியைத் தேடும். நான் போனதும் அப்படித்தான். அவர் நாளைக்கு வண்டியைத் தொடக் கூடாது. அதுக்காக அவரைத் தனியா நடுங்க விடவும் கூடாது. என் க்ளினிக் ஏழு மணி வரைக்கும் இருக்கும். இன்னைக்கே போனா இன்னைக்கே பார்ப்பாங்க."

நாளைக்கு வண்டியை யார் எடுப்பது என்று டெப்போவில் கேட்பார்களே, வேலை போய்விடுமே என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். ஆறு மணி வண்டியை நான் எடுக்கிறேன், என் லீவை ரத்து செய்தால் போயிற்று, மற்றதை டெப்போ மேனேஜரிடம் அவனே வந்து சொல்லட்டும், நானும் கூட நிற்கிறேன் என்றார் டிரைவர். அது அவ்வளவு லேசாக முடிகிற காரியமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

மணி ஐந்தரை. செல்போனை எடுத்து ஒன்பதாம் ரூட்டை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தான். பின்னணியில் தெருச் சத்தம் கேட்டது.

"தம்பி, என் பொண்ணு உன்கிட்ட பேசணும்ங்கறா" என்றார். "வெளிநாட்டுல இல்லப்பா. இங்கதான் இருக்கா, இத்தனை நாளும் இங்கதான் இருந்தா. அவ என்ன சொல்றாளோ அதைக் கேளு. நான் முன்னாடியே அவ சொல்றதைக் கேட்டிருந்தா எனக்கு ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும்."

போனை மகளிடம் கொடுத்தார். அவள் சாய்ந்து உட்காரத் தோதாக முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணைகளை அடுக்கினார்.

"சித்தப்பா, இப்ப எங்க நிக்கறீங்க?" என்று கேட்டாள் பெரியவள்.

போனில் ஒரு பஸ் கடந்து போகிற சத்தம். யாரோ யாரையோ கூப்பிடுகிற குரல்.

"எந்தத் தெருன்னு எனக்குத் தெரியும்னு வெச்சுக்குங்க. நானும் அங்க நின்னிருக்கேன். காலெல்லாம் உதறுதில்ல? எலும்புக்குள்ள குளிருதில்ல? அது அடங்கும். அடங்கறதுக்கு வேற இடம் இருக்கு. அவன் வர்றதுக்குள்ள ரெண்டு அடி இந்தப் பக்கம் எடுத்து வைங்க. போனை மட்டும் வைக்காதீங்க."



மறுமுனையில் ஒரு மூச்சு கேட்டது. அழுகிறானா, நடக்கிறானா என்று சொல்ல முடியவில்லை. பெரியவள் அவசரப்படவில்லை. போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவன் வாய் திறக்கும்வரை காத்திருந்தாள்.